நடு சீட்டுக்கு ஓர் அங்கி

மல்லேஸ்வரத்துக்குத் தொற்றுநோய் புதிதல்ல. 1898-இல் பெங்களூரில் பிளேக் பரவியபோது, பழைய ஊரான பேட்டையின் நெரிசலை விட்டு வந்தவர்கள் குடியேறி வளர்ந்த பகுதி இது, பசவனகுடியும் அப்படித்தான். அன்று ரயிலடியில் பயணிகளை நிறுத்திச் சோதித்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் அத்தகைய சோதனைக்கு அதிகாரம் தந்தது 1897-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம். அதையேதான் 2020-லும் தூசி தட்டி எடுத்தார்கள். இந்த முறை கொரோனா நோய் விமானம் ஏறி வந்திருந்தது.

இரண்டு மாத முடக்கத்துக்குப் பிறகு 2020 மே 25 அன்று உள்நாட்டு விமானங்கள் மறுபடி பறந்தன. அன்று டெல்லியிலிருந்து பெங்களூர் வந்தவர்களுக்கு ஏழு நாள் முகாம் தனிமை. அதே நாளில் வந்திறங்கிய மத்திய அமைச்சர் சதானந்த கௌடா நேராகக் காரில் ஏறிப் போய்விட்டார். மல்லேஸ்வரம் அடங்கிய பெங்களூரு வடக்குத் தொகுதியின் அப்போதைய எம்.பி. அவர்தான். மருந்துத் துறை தன் பொறுப்பில் இருப்பதால் விலக்கு உண்டு என்றார். மாநில அரசும் ஆமோதித்தது. சட்டப்படி சரியாகவே இருக்கலாம். பார்த்துக்கொண்டிருந்த ஜனங்கள் அதிலிருந்து வேறு பாடம் படித்துக்கொண்டார்கள்.

விலக்கில்லாத எங்களுக்கு முகக்கவசம், அதன்மேல் பிளாஸ்டிக் தடுப்பு, கையில் சானிடைசர் பொட்டலம். ஜூன் முதல், நடு சீட்டை நிரப்பினால் அதில் உட்காருபவருக்குக் கூடுதலாக ஓர் அங்கி. கசங்கிய வெள்ளை அங்கியில் அவர் ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் மாதிரி இருப்பார். சென்னை போகும் முக்கால் மணி நேரத்தில் தடுப்பு மூச்சுக்காற்றில் பனித்துவிடும்; நெற்றிக்கு மேலே ஏற்றுவார். போன் பேச முகக்கவசம் தாடைக்கு இறங்கும். விமானத்தில் சாப்பாடு கிடையாது என்றார்கள். சிலர் வீட்டிலிருந்தே புளியோதரை கொண்டுவந்தார்கள். ஒருவர் டப்பாவைத் திறந்தால் போதும், வரிசையில் ஒவ்வொருவராக மூக்கு வெளியே வந்துவிடும்.

உண்மையில் பறக்கும் விமானத்தின் காற்று அவ்வளவு மோசமில்லை. மேலிருந்து இறங்கி, காலடியில் உறிஞ்சப்பட்டு, நுண்வடிகட்டி வழியாகத் திரும்பும். மணிக்கு இருபது தடவைக்கு மேல் மாறிவிடும். வம்பெல்லாம் தரையில்தான். ஏறும் வரிசையில், நெருக்கியடிக்கும் பஸ்ஸில், எல்லாவற்றையும்விட விமானம் நின்ற நிமிடத்தில். வரிசை எண்ணைச் சொல்லி அழைக்கும்வரை உட்காரச் சொல்லி அறிவிப்பார்கள். பெல்ட் கழலும் சத்தத்தில் அது யார் காதிலும் விழாது. முன்னால் நிற்பவரின் முதுகில் நம் மூச்சு, நம் பிடரியில் பின்னால் நிற்பவரின் மூச்சு. கதவோ இன்னும் திறக்கவில்லை.

2021 மே 23 அன்று மதுரையில் ஒரு குடும்பம் தனி விமானத்தை வாடகைக்கு எடுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட உறவினர்கள் சூழ ஆகாயத்தில் தாலி கட்டியது. கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான் என்று தரையில் விதி. வீடியோவில் பூமாலை தெரிகிறது, முகக்கவசத்தைத் தேடவேண்டியிருக்கிறது. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விசாரணைக்கு உத்தரவிட்டது, ஊழியர்களைப் பணியிலிருந்து ஒதுக்கினார்கள். கூடிச் சிரித்தவர்களைவிடத் தடுக்காத ஊழியர் மேல்தான் முதல் அடி விழுந்தது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

2022 நவம்பரிலிருந்து விமானத்தில் முகக்கவசம் கட்டாயமில்லை. இருமிக்கொண்டு ஏறுகிறவர்கள் தயவுசெய்து நீங்களாகவே போட்டுக்கொள்ளுங்கள். அது முடியாதென்றால், கதவு திறக்கும்வரை உட்கார்ந்தாவது இருங்கள்.