கான்ஃபிக் கோப்புக்குள் ஒரு பேனர்

“முகப்பில் வரும் அறிவிப்பை நாங்களே மாத்திக்கணும் சார், ஒவ்வொரு தடவையும் ரிலீஸுக்குக் காத்திருக்க முடியாது.” நிறுவன மென்பொருளில் வேலை பார்ப்பவர்களுக்குப் பழகிப்போன கோரிக்கை இது. நியாயமானதும்கூட. உடனே டீமில் யாராவது அந்த அறிவிப்பு பேனரின் எச்டிஎம்எல் துண்டை வெப்.கான்ஃபிக்கின் ஆப்செட்டிங்ஸில் ஒட்டிவிடுவார்கள்.

வம்பு அங்கேதான் ஆரம்பம். வெப்.கான்ஃபிக் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. ஆப்செட்டிங்ஸின் மதிப்போ ஆட்ரிபியூட்டுக்குள் உட்காருகிறது. அங்கே டேக்கைத் தொடங்கும் கோணக்குறி வரவே கூடாது. ஆம்பர்சண்ட், எல், டி, செமிகோலன் என்று எழுத வேண்டும். சிடேட்டாவில் சுற்றிவிடலாமே என்றால், ஆட்ரிபியூட்டுக்குள் அது செல்லாது. லிங்க்கில் இரண்டு பாராமீட்டர்களுக்கு நடுவே ஆம்பர்சண்ட் இருந்தால் எச்டிஎம்எல்லுக்காக ஒருமுறை, எக்ஸ்எம்எல்லுக்காக மறுமுறை எஸ்கேப் செய்ய வேண்டும். இரவு பத்து மணிக்கு அந்த வரியைப் படித்துப் பார்த்தால் தெரியும் அவஸ்தை. ஒரு கோணக்குறி தவறினால் பேனர் மட்டும் கெடாது, ஐஐஎஸ் 500.19 பிழையைக் காட்டி மொத்தத் தளமும் படுத்துவிடும். சரியாகவே எழுதிச் சேமித்தாலும் அப்ளிகேஷன் மறுபடி தொடங்கும். செஷன் அதன் நினைவகத்தில் இருந்தால் அதுவும் போச்சு.

யாமலில் செங்குத்துக் கோடு போட்டுப் பல வரி எழுதலாம், கொஞ்சம் நிம்மதி. ஜேசனில் அந்த வசதி கிடையாது. சேல்ஸ்ஃபோர்ஸ் கஸ்டம் செட்டிங்கில் டெக்ஸ்ட் புலத்துக்கு 255 எழுத்துதான். ஸ்டைலோடு எழுதிய பேனர் அதில் எங்கே அடங்கும்?

இதைவிடப் பெரிய கவலை எனக்கு வேறு. ரேஸர் டெம்ப்ளேட் எந்தச் சரத்தையும் இயல்பாக எஸ்கேப் செய்துதான் காட்டும். டேக் அப்படியே எழுத்தாகத் தெரிகிறதே என்று எச்டிஎம்எல்.ரா போடுவார்கள். அந்த நிமிடத்திலிருந்து செட்டிங்கை மாற்ற முடிந்த எவரும் எல்லாப் பயனாளர்களின் பிரவுசரிலும் ஸ்கிரிப்ட் ஓட்டலாம். செட்டிங் டேட்டாபேஸுக்குப் போய், அட்மின் திரையும் வந்துவிட்டால் அந்த ‘எவரும்’ எத்தனை பேர் என்று யாரும் எண்ணுவதில்லை.

ஆகவே நான் செட்டிங்கில் வைப்பது வாக்கியம், லிங்க் முகவரி, தொடக்கத் தேதி, முடியும் தேதி, காட்டலாமா என்ற ஒரு ட்ரூ-ஃபால்ஸ். டேக்குகள் டெம்ப்ளேட்டில் இருக்கும், கோட் ரிவ்யூ வழியாக வரும். தடித்த எழுத்து வேண்டும் என்று அடம்பிடித்தால், நாலைந்து டேக்குகளை மட்டும் அனுமதிக்கும் சானிடைசரைக் குறுக்கே வைக்கிறேன்.

அடுத்த முறை இந்தக் கோரிக்கை வந்தால், அந்த பேனரின் பழைய மாற்றங்களை கிட்டில் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் மாறியிருப்பது தேதியும் ஒரு வாக்கியமும்தான்.