தானா இறங்கும்

மாருதி 800-இன் கியர்பாக்ஸுக்கு ஆயில் ஊற்றுவதில் ஒரே ஒரு சிக்கல்தான். ஊற்ற முடியாது.

எஞ்சினுக்கு அப்படியில்லை. பானட்டைத் திறந்தால் மேலேயே மூடி இருக்கும். திருகிக் கழற்றி ஊற்றவேண்டியதுதான். கியர்பாக்ஸின் வாய் வண்டிக்கு அடியில், பக்கவாட்டில் இருக்கிறது. மொத்தம் இரண்டு போல்ட்டுகள். அடியில் இருப்பது பழைய ஆயிலை வடிப்பதற்கு. அதற்கு மேலே, பெட்டியின் விலாவில் இருப்பது புதியதை நிரப்புவதற்கு. அந்த மேல் துளைதான் அளவுகோலும்கூட. வண்டி சமமாக நிற்கும்போது, துளையின் கீழ் விளிம்புவரை ஆயில் ஏறி வெளியே வழிய ஆரம்பித்தால் போதும் என்று அர்த்தம். அழகான ஏற்பாடு. ஆனால் மல்லாந்து படுத்துக்கொண்டு, முகத்துக்கு ஒரு சாண் மேலே இருக்கும் விரல் தடிமன் துளைக்குள், இரண்டு லிட்டர் பிசுபிசுப்பை எப்படி அனுப்புவது? கேனைக் கவிழ்க்க இடமில்லை. கவிழ்த்தால் அது கியர்பாக்ஸுக்குள் போவதைவிட அக்குளுக்குள் போவதுதான் அதிகம்.

இதை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருச்சியில் எங்கள் வீட்டு வாசலில், நான்கு ஸ்டாண்டுகள் மேல் நின்ற அப்பாவின் வண்டிக்கு அடியில் கிடந்தபடி தெரிந்துகொண்டேன்.

*

அப்பாவுக்கு 2022 ஜூனில் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் போயிற்று. கூடவே விழுங்கவும் முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது மூக்கு வழியாக இரைப்பைவரை ஒரு குழாய் போட்டு அனுப்பினார்கள். ரைல்ஸ் டியூப். உறையில் 16 பிரெஞ்ச் என்று அளவு போட்டிருந்தது. மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டர் கிடைக்கும். வெளிவிட்டம் ஐந்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அந்த வகுத்தலைச் செய்தவன் நான். அந்தக் குழாயில் இரண்டு மாதம் கஞ்சி ஊற்றியவள் அம்மா.

நான் சும்மா இருக்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்வதற்கு நிறைய வைத்திருந்தேன். ஏர் பெட், வீல்சேர், டயப்பர் எல்லாம் என் போனிலிருந்துதான் வந்தன. மருந்து வேளைக்கு ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன், கலர் கோடிங்கோடு. வீட்டிலிருந்தே வேலை செய்ய மேனேஜரிடம் அனுமதி வாங்கினேன். ஆனால் அந்தக் குழாயை ஒருமுறைகூடத் தொடவில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒருதடவை அம்மா கஞ்சியை வடிகட்டிக்கொண்டு வருவாள். ஒருநாள், “இந்த ஒரு தடவை நீ பிடியேன்டா, நான் தலைக்குக் குளிச்சிட்டு வந்துடறேன்” என்றாள். “கால் இருக்கும்மா” என்றேன். கால் இருந்தது உண்மைதான். பதினோரு பேர் இருந்த கால். நான் இல்லாவிட்டால் யாரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

பயம்தான். தப்பான வழியில் போய் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால்? அதைவிட, அப்பா அப்போது என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாரே என்பது.

செப்டம்பரில் குழாயை எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபி. ஆட்டோவில் ஏற்றி இறக்குவது கஷ்டம் என்று 2004 மாடல் மாருதியை மறுபடி எடுத்தேன். பதினெட்டு வருஷம் அவர் ஓட்டிய வண்டி. இப்போது அவர் இடதுபக்க சீட்டில். நான் செகண்ட் கியர் போடும்போதெல்லாம் கர்ரென்று பல்லைக் கடித்தது. ஒவ்வொரு கர்ருக்கும் அவர் முகம் சுருங்கும். தன்னைக் கடிப்பதுபோல. மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, நல்லாயிருக்கும் வலதுகையால் கியர் ராடைத் தட்டிவிட்டு, குழறலாக ஆனால் தெளிவான எரிச்சலோடு சொன்னார்: “ஆயிலப் பாரு.”

*

தெருமுனை மெக்கானிக் அண்ணன், “கொண்டாந்து விடு தம்பி, ஒரு மணி நேர வேலை” என்றார். நானே செய்கிறேன் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. ஸ்டாண்டுகளை எடுத்துக் கொடுத்து இரண்டு விஷயம் சொன்னார்.

ஒன்று, ஜிஎல்-4 வாங்கு, ஜிஎல்-5 வாங்காதே. கடைக்காரர் ஐந்தைத்தான் எடுத்து நீட்டினார், பெரிய நம்பர் நல்லதுதானே என்று நானும் நினைத்திருப்பேன். ஐந்தில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானம் அதிகம். பின்சக்கர வண்டிகளின் டிஃபரன்ஷியலில் பற்கள் ஒன்றையொன்று வழுக்கி அரைக்கும் அழுத்தத்துக்கு அது வேண்டும். ஆனால் கியர்பாக்ஸுக்குள் பித்தளை வளையங்கள் இருக்கின்றன. கியர் மாற்றும்போது இரண்டு வேறு வேகத்தில் சுற்றும் பாகங்களை உரசி, ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, அப்புறம் பல்லோடு பல்லைச் சேரவிடும் சின்க்ரோ வளையங்கள். அந்தக் கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கக்கூடும்.

இரண்டு, “முதல்ல மேல் போல்ட்ட கழட்டு. அது வந்தாத்தான் கீழ கை வைக்கணும்.” மேல் போல்ட் துருப்பிடித்து வராமல் போனால், வடித்துவிட்ட கியர்பாக்ஸோடு நடுத்தெருவில் நிற்கவேண்டியதுதான். பேக்கப்பிலிருந்து மீட்க முடிகிறதா என்று பார்க்காமல் டேட்டாபேஸை அழிக்காதே என்று நான் ஜூனியர்களுக்குச் சொல்லும் அதே பாடம்.

மேல் போல்ட் வந்தது. கீழ் போல்ட்டையும் எடுத்தேன். கருப்பாக, அழுகின முட்டை வாடையோடு இறங்கிய ஆயிலில் வெயில் பட்டபோது பொன்னிறத் துகள்கள் மினுங்கின. அப்பா வாசலில் வீல்சேரில் இருந்தார். தட்டை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். பித்தளை. வளையம் தேய்ந்துகொண்டிருக்கிறது.

அதற்கப்புறம்தான் ஊற்ற முடியாது என்ற விஷயம் தெரிந்தது. தையல் மிஷின் ஆயில்கேனை வைத்துப் பிதுக்கிப் பார்த்தேன். ஒரு அமுக்கலுக்கு ஒன்றிரண்டு மில்லி. இரண்டு லிட்டருக்கு ஆயிரம் அமுக்கல். வீடியோக்களில் கேன் வாயில் பொருத்துகிற கைப்பம்பு வைத்திருந்தார்கள். ஒருத்தர் செடிக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரின் முனையை வெட்டிவிட்டுக் குழாய் மாட்டிக் காற்றழுத்தத்தில் அனுப்பினார். சில வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் கேபிள் இறங்கும் துளையைக் கழற்றி மேலிருந்தே ஊற்றிவிடலாமாம். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு என்னிடம் இருந்தது எதுவுமில்லை. திங்கள் காலை ஒன்பதுக்கு பிசியோதெரபி.

அலமாரியில் அந்த சிரிஞ்ச் இருந்தது. ஐம்பது மில்லி. உள்ளே போய் எடுத்துவந்தேன். பழைய மீன்தொட்டியின் காற்றுக்குழாயை முனையில் சொருகினேன். ஐம்பது மில்லி என்றால் நாற்பது தடவை, பரவாயில்லை என்று கணக்குப் போட்டேன். முதல் தடவை தள்ளவே முடியவில்லை. இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன். குழாய் பிய்த்துக்கொண்டு முகம் முழுக்க ஆயில்.

“அது அப்பாவோடதுடா.”

அம்மாவின் கால்கள் மட்டும் தெரிந்தன. ஏதோ சொல்லப்போகிறாள் என்று வெளியே வந்தேன். அவள் சிரிஞ்சைப் பிடுங்கவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

“எதுக்குடா இப்படிக் குத்துற மாதிரி தள்ளுற? நான் ஒருநாளாவது தள்ளிப் பாத்திருக்கியா?”

நான் பார்த்ததே இல்லை. அதைச் சொல்லவில்லை.

“தள்ளினா அவருக்கு எதுக்களிச்சுக்கிட்டு வரும். அந்தத் தண்ட உருவிப் போட்டுட்டு, மேல தூக்கிப் பிடிச்சு ஊத்தணும். தானா இறங்கும். கெட்டியா இருந்தா இறங்காது, வெதுவெதுப்பா இருக்கணும். இவ்வளவு சின்னக் குழாயில இது எப்படிப் போகும்? மாடியில கொத்தனார் விட்டுட்டுப் போன லெவல் டியூப் கிடக்கு பாரு.”

அப்புறம் நடந்தது எல்லாம் அவள் சொன்னபடிதான். ஆயில் கேனை மூடியோடு வெந்நீரில் இருபது நிமிஷம் வைத்தோம். சமையல் பாத்திரம் தரமாட்டேன் என்று பாத்ரூம் வாளியைக் கொடுத்தாள். லெவல் டியூபைத் துடைத்து வெயிலில் போட்டேன், உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக்கூடாது. தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிப் புனலாக்கி டியூபின் ஒரு முனையில் சொருகினோம். திறந்திருந்த பானட் வழியாக மறுமுனையை இறக்கி, அடியில் படுத்து அதைத் துளைக்குள் நுழைத்துப் பிடித்துக்கொண்டேன். துளைக்கும் குழாய்க்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருந்தது. இருக்கவேண்டும், உள்ளிருக்கும் காற்று வெளியேற வேண்டுமே. மேலே அம்மா ஊற்றினாள். புனலை நிறைத்துவிடாமல், ஓரமாக, நூல் மாதிரி.

“போகுதா?”

“போகுதும்மா.”

கண்ணாடிபோன்ற குழாய்க்குள் தேன்நிறத்தில் அது இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. துளையின் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு, நின்று, வழிந்தது. “போதும்” என்று கத்தினேன். போல்ட்டை முதலில் கையால் திருகி, பிறகு ஸ்பேனரால் இறுக்கினேன். அளவோடுதான். கேசிங் அலுமினியம், பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் கேனில் பிடித்து மெக்கானிக் அண்ணனிடமே கொடுத்துவிட்டேன்.

*

அன்று ராத்திரி கையில் வாடை போகாமல் உட்கார்ந்திருந்தபோது பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் ஞாபகம் வந்தது. பாய்சொய் சமன்பாடு. குழாயில் மெதுவாக ஓடும் திரவத்தின் அளவு, ஆரத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதம். மீன்தொட்டிக் குழாயின் உள்விட்டம் நாலு மில்லிமீட்டர், லெவல் டியூப் எட்டு. இரண்டு மடங்கு அகலம், பதினாறு மடங்கு ஓட்டம். பாகுநிலை குறையக் குறைய ஓட்டம் அதே விகிதத்தில் கூடும். நைன்ட்டி ஆயில் என்று நாம் பயப்படுவதுகூட நம்பரைப் பார்த்துத்தான். கியர் ஆயிலின் அளவுகோல் வேறு. நூறு டிகிரிச் சூட்டில் அது 40, 50 ரக எஞ்சின் ஆயிலுக்குச் சமமாக இளகிவிடும். குழாய், சூடு, உயரம். மூன்றையும் அம்மா சொல்லிவிட்டாள். நான் அந்தச் சமன்பாட்டுக்கு ஐந்து மார்க் வாங்கியவன்.

பாய்சொய் யார் என்று தேடினேன். எஞ்சினியராக இருப்பார் என்று நினைத்தேன். அவர் டாக்டர். மெல்லிய ரத்தக்குழாய்களில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள, கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரை விட்டு அளந்து 1840-ஐ ஒட்டி அந்த விதிக்கு வந்துசேர்ந்தார். கிட்டத்தட்ட அதே நேரம், 1839-இல், ஹேகன் என்ற ஜெர்மானியப் பொறியாளரும் தனியாக அதே இடத்துக்கு வந்திருந்தார். எங்கள் வீட்டில் இரண்டு மாதம் ஒரு நாளைக்கு ஆறு தடவை அந்தச் சோதனை நடந்தது. நான் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன்.

திங்கள் காலை அப்பாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஃபர்ஸ்ட்டிலிருந்து செகண்டுக்குப் போகும் இடத்தில் அவர் வலதுகை ராடின் மேல் வந்து உட்கார்ந்தது. என் கையை எடுத்துக்கொண்டேன். கிளட்சை மட்டும் மிதித்தேன். அவர் நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்தி, இழுத்தார். லேசாக ஒரு சத்தம். முன்பிருந்ததில் கால்வாசி. தேய்ந்த வளையத்தை எந்த ஆயிலும் வளர்த்துத் தராது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். “பரவால்ல” என்றார்.

*

2023 ஏப்ரலில் நெஞ்சுச்சளி கட்டி மறுபடி ஆஸ்பத்திரி. மறுபடி அந்தக் குழாய், இந்த முறை பத்து நாள். முதல்நாள் மாலை அம்மா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தபோது, நான் பிடிக்கிறேன் என்றேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு டம்ளரைக் கொடுத்தாள்.

நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். தலைப்பக்கம் உயர்த்தியிருக்க வேண்டும். குழாய் இடம் மாறாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் முதலில் பார்க்கவேண்டும். தண்டை உருவிவிட்டு சிரிஞ்சை மாட்டி, அவர் தலைக்குக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தேன். கை நடுங்கியது. கஞ்சி வெள்ளையாக, அசையாமல் நின்றது. தள்ளிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. பிறகு இறங்க ஆரம்பித்தது.

நான் பயந்தபடியே அப்பா என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

“போகுதாப்பா?”

கண்ணை மூடித் திறந்தார். ஒரு டம்ளர் முடிந்து, அடுத்ததில் பாதி போனபோது வலதுகையைக் கொஞ்சம் உயர்த்தினார். காற்று புகாமல் குழாயை மடித்துப் பிடித்துக்கொண்டேன். அம்மா வெதுவெதுப்பாக ஐம்பது மில்லி தண்ணீர் நீட்டினாள், குழாயைக் கழுவிவிட. அதையும் ஓரமாக, மெதுவாக ஊற்றினேன்.