ஃபீடர் இல்லாத காலுறை மிஷின்

கனடாவில், டொரொண்டோவுக்கு மேற்கே ஜார்ஜ்டவுன் என்று ஓர் ஊர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் க்ரீல்மன் பிரதர்ஸ் என்ற கம்பெனி அங்கே வீட்டுப் பின்னல் மிஷின்களைச் செய்து விற்றது. அவற்றில் ஒன்று இப்போது என் மேஜையில் இருக்கிறது. காலுறை பின்னும் மிஷின் அது. மேஜை விளிம்பில் திருகி நிறுத்திக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும், மின்சாரம் தேவையில்லை. என்னிடம் வந்தபோது ஒரே ஒரு பாகம் இல்லை. திருப்பூரில் வளர்ந்தவனுக்கு அது என்னவென்று தேட வேண்டியிருக்கவில்லை. ஊசிக்கு நூல் கொடுக்கும் ஃபீடர்.

இப்படி அரைகுறையாகத்தான் இந்த மிஷின்கள் பெரும்பாலும் கைக்கு வருகின்றன. ஒற்றைத் திருகில் நிற்கும் பாகம் கழன்று விழுந்து தொலைந்துபோவது ஒரு காரணம். இன்னொன்று எனக்கு வருத்தம் தருவது: முழுதாகக் கிடைக்கும் மிஷினையும் பிரித்து, சிலிண்டர் தனியாக, டயல் தனியாக, எடைக்கல் தனியாக விற்பவர்கள் உண்டு. நூறாண்டு ஓடிய ஒரு கருவியை அப்படிச் சிதறடிக்கக் கூடாது என்றே நினைக்கிறேன்.

மிஷினின் உயிர் அதன் ஊசியில் இருக்கிறது. சிலிண்டரின் வெளிப்பக்கம் நெடுக வெட்டிய காடிகள். காடிக்கு ஓர் ஊசி. சிலிண்டர் அசையாமல் நிற்க, அதைச் சுற்றி கேம் என்ற சரிவுள்ள பாகம் ஓடும். கேமின் சரிவில் ஏறி இறங்கும்படி ஊசிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலெழுந்து தாழும். ஒவ்வோர் ஊசியின் தலையிலும் ஒரு கொக்கி, அதற்குக் கீழே மடங்கித் திறக்கும் சின்ன நாக்கு. ஊசி ஏறும்போது பழைய கண்ணி நாக்கைத் திறந்துகொண்டு கீழே நழுவுகிறது. கொக்கியில் புது நூல் விழுகிறது. ஊசி இறங்கும்போது அதே பழைய கண்ணி நாக்கை மேலே தள்ளி மூடிவிட்டு, தலையைத் தாண்டிப் போகிறது. உள்ளே பிடிபட்ட புது நூல் அடுத்த கண்ணியாகிறது.

இந்த நாக்கு ஊசியைத் தந்தவர் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்து மேத்யூ டவுன்செண்ட். காலம் 1840களின் கடைசி. 1589இல் வில்லியம் லீ செய்த முதல் பின்னல் சட்டத்திலிருந்து அதுவரை, ஊசியின் வளைந்த முனையை அழுத்தி மூட இன்னொரு பாகம் வேண்டியிருந்தது. டவுன்செண்டின் ஊசியை மூடுவதற்கு அதன் கண்ணியே போதும். அதனால்தான் மிஷின் ஒரு வீட்டு மேஜையில் அடங்கும் அளவுக்குச் சிறுத்தது. இன்று திருப்பூரில் பனியன் துணி ஓட்டும் மிஷின்களிலும் இந்த ஊசியின் வம்சம்தான் ஏறி இறங்குகிறது.

முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சேற்றில் நின்ற சிப்பாய்களின் பாதங்கள் ஈரத்தில் அழுகின. உலர்ந்த காலுறையை மாற்றிக்கொண்டே இருப்பது தவிர வேறு வழி அதிகம் இல்லை. ஊர் ஊராகப் பெண்கள் காலுறை பின்னினார்கள். கையால் பின்னியவர்களே மிகுதி, இந்த மிஷினைச் சுற்றியவர்களும் இருந்தார்கள். போருக்குப் பிறகு, வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று சொல்லிப் பல கம்பெனிகள் இவற்றை விளம்பரம் செய்தன. க்ரீல்மன் மிஷின் ஒன்றின் பெயரே ‘மணி மேக்கர்’. பணத்துக்கு ஏங்கிய எத்தனையோ பண்ணை வீடுகளில் இது நுழைந்திருக்கிறது. என் மிஷினின் கைப்பிடி மரம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. யாரோ ஒருத்தி விடாமல் சுற்றியிருக்கிறாள்.

மண்ணெண்ணெயில் ஊறப்போட்டதும் கெட்டியாகிப் போன பழைய எண்ணெய் கரைந்தது. துருப்பிடித்த ஊசிகளை மாற்றினேன். அதையெல்லாம் பொறுமை இருந்தால் செய்துவிடலாம். ஃபீடர்தான் நின்றது. இதே வகை மிஷினின் ஃபீடர் ஒன்றை விலைக்கு வாங்கி மாட்டினால் உயரம் சேரவில்லை, திருகும் ஏறவில்லை. என் மாமா திருப்பூர் நிட்டிங் கம்பெனிகளில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போனில் வீடியோவைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மாப்ள, நூலு எப்படி வருதுங்கறத அப்புறம் பாரு. நாக்க யாரு புடிச்சு வெக்கறாங்கன்னு மொதல்ல பாரு.”

ஃபீடருக்கு இரண்டு வேலை என்பதை அந்த ஒரு வாக்கியம் தெளிவாக்கியது. நூல் கொடுப்பது ஒன்று. நூல் விழும் முன்பே நாக்கு குதித்து மூடிக்கொள்ளாமல் அதன் முன்னால் அரணாக நகர்வது இன்னொன்று. நாக்கு மூடிய கொக்கியில் நூல் ஏறாது, கண்ணி நழுவும், துணியில் நெடுக ஓட்டை ஓடும். திருப்பூர் மிஷினில் பெரும்பாலும் சிலிண்டர் சுற்றும், ஃபீடர் நிற்கும். இங்கே சிலிண்டர் நிற்கிறது, ஃபீடர் கேமோடு சேர்ந்து ஊர்வலம் வருகிறது. காவல் ஒன்றுதான்.

பிறகு அளவைத் தேடி வேறெங்கும் போகவில்லை. கேம் கூட்டின் மேல் விளிம்பில் ஒரு சிறு செவ்வகம் மட்டும் நிக்கல் பூச்சு மங்காமல் இருந்தது. பழைய ஃபீடரின் அடி உட்கார்ந்திருந்த இடம் அது: அகலம் அங்கே, திருகின் இடம் அங்கே. ஊசிகளை ஒவ்வொன்றாக ஏற்றி, நாக்கு திறந்து சாயும் தூரத்தைக் குறித்தேன். இல்லாத பாகத்தின் முன்பக்க வளைவு அந்தக் குறிகளுக்குள் இருந்தது. முதலில் அட்டையில் வெட்டினேன். அடுத்து முப்பரிமாண அச்சில் பிளாஸ்டிக். அது பொருந்திய பிறகு ஒரு லேத் பட்டறையில் பித்தளை. திருகின் மரை இன்றைய அளவு எதற்கும் ஒத்துவராததால் திருகையும் அங்கேயே கடைந்தார்கள்.

வட்டமாகச் சுற்றியபோது காலுறையின் குழாய் ஒரு கண்ணிகூட நழுவாமல் இறங்கியது. குதிகாலில்தான் தகராறு. குதிகாலுக்குப் பாதி ஊசிகளை வேலையிலிருந்து உயர்த்தி வைத்துவிட்டு, மீதிப் பாதியில் கைப்பிடியை முன்னும் பின்னுமாக ஆட்ட வேண்டும். பின்னோக்கிப் போகும்போது ஃபீடரின் மறுவிளிம்பு முன்னால் வருகிறது. அதுவும் நாக்கைக் காக்க வேண்டும். பழைய ஃபீடர்களுக்கு இருபுறமும் ஒரே மாதிரி இறக்கை இருப்பதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. மறுபக்கத்தையும் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இழைத்து, ஊசிக்கும் அதற்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளிக்குக் கொண்டுவந்தேன். உரசினால் ஊசி கெடும். விலகினால் நாக்கு தப்பும்.

பழையது போலத் தெரிய அதற்கு நிறம் ஏற்றலாம் என்று பட்டறைக்காரர் சொன்னார். மறுத்துவிட்டேன். பித்தளை பித்தளையாகவே இருக்கிறது. உட்பக்கத்தில் செய்த வருடத்தைப் பொறித்திருக்கிறேன். எனக்குப் பின் இதைக் கழற்றுபவர் ஜார்ஜ்டவுனில் செய்தது எது, பிறகு சேர்ந்தது எது என்று திண்டாட வேண்டியதில்லை. அசல் ஃபீடர் எப்போதாவது கிடைத்தால் ஒரே திருகுதான், மாற்றிக்கொள்ளலாம்.