எய்ம்ஸ் எங்க ஊருக்கு வந்த கதை

2021 மார்ச்சில் அந்தச் செங்கல் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தவர்களில் நானும் ஒருவன். தேர்தல் பிரச்சாரத்தில் உதயநிதி ஸ்டாலின் ஒரு செங்கல்லைத் தூக்கிக் காட்டி, இதுதான் மதுரை எய்ம்ஸ் என்றார். தமிழ்நாடே சிரித்தது. தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அப்பாவுக்கும் காட்டினேன். அவரும் சிரித்தார். "செங்கலாச்சும் இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு வலையைச் சரி பண்ணப் போய்விட்டார்.

அடுத்த வருஷம் ஐப்பசியில், மழை ஈரத்தில், படகிலிருந்து ஜெட்டிக்குக் கால் வைக்கும்போது வழுக்கி விழுந்தார். தலையில் அடி. ரத்தம் அதிகமில்லை. எழுந்து நடந்து வீட்டுக்கு வந்தார், டீ குடித்தார். ராத்திரி எட்டு மணிக்குப் பேச்சு குழறியது. 108-ஐக் கூப்பிட்டோம். பாம்பன் பாலம், மண்டபம், உச்சிப்புளி என்று போய், மாவட்டத்துக்குள்ளேயே ஒரு ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். "மூளையில ரத்தம் கட்டியிருக்கு, இங்க அதுக்கு டாக்டர் இல்ல, மதுரைக்குக் கொண்டு போயிருங்க" என்றார்கள். பரமக்குடி, மானாமதுரை, திருப்புவனம். மொத்தம் சுமார் 170 கிலோமீட்டர். மானாமதுரை தாண்டும்போது டிரைவர் அண்ணன் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "தம்பி, அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டே வாங்க. தூங்க விடாதீங்க." என்ன பேசுவதென்று தெரியவில்லை. மீன் விலை பற்றிப் பேசினேன்.

அப்பா பிழைத்துக்கொண்டார். வலது கைதான் முழுசாகத் திரும்பவில்லை. வலை ஊசியைப் பிடித்தால் நழுவிவிடுகிறது.

மதுரையில் வார்டு வராண்டாவில் கிடந்த பதினோரு நாளும் எனக்கு ஒரே கோபம். எய்ம்ஸ் மட்டும் கட்டியிருந்தால் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். போனில் தேடித் தேடிப் படித்தேன். சிரித்துவிட்டுக் கடந்துபோன விஷயத்தை அப்போதுதான் தேதி வாரியாகப் பார்த்தேன்.

2015 பிப்ரவரி மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்று அறிவிப்பு. இடம் தோப்பூர் என்று முடிவாக 2018 ஜூன் ஆனது. அந்த வருஷம் டிசம்பரில் மத்திய அமைச்சரவை 1264 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. 2019 ஜனவரி 27-ல் பிரதமர் அடிக்கல் நாட்டினார். பணம் ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்திடம் கடனாக வாங்குவது என்று ஏற்பாடு. அந்தக் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது 2021 மார்ச்சில், அதாவது செங்கல் மேடை ஏறிய அதே மாதம். அதற்குள் தொற்றுநோய்ப் பிரிவும் சேர்ந்து செலவு 1977.80 கோடியாக உயர்ந்திருந்தது. அதில் 1627.70 கோடி கடன்.

2022 செப்டம்பரில், அப்பா விழுவதற்குச் சில வாரம் முன்னால், பா.ஜ.க. தலைவர் ஜே.பி. நட்டா 95 சதவீத வேலை முடிந்துவிட்டது என்று பேசினார். சு. வெங்கடேசனும் மாணிக்கம் தாகூரும் தோப்பூர் பொட்டலில் போய் நின்று, கட்டடத்தைக் காணோம் என்று படம் போட்டார்கள். கட்டுமானத்துக்கு முந்தைய வேலைகளைத்தான் சொன்னார் என்று கட்சி விளக்கியது. மறுபடி எல்லோரும் சிரித்தோம். கட்டுமான ஒப்பந்தம் எல் அண்ட் டி நிறுவனத்துக்குப் போனது 2024 மார்ச்சில்தான். ராஜ்கோட் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டியது 2020 டிசம்பர் 31. மதுரைக்கு ஏறத்தாழ இரண்டு வருஷம் பின்னால். அது 2024 பிப்ரவரியில் திறந்தே விட்டது.

இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள். டெல்லியில் கேட்டால் கடன் நடைமுறை என்பார்கள். கடன் கொடுத்தவரைக் கேட்டால் திட்ட அறிக்கை என்பார்கள். பிறகு கொரோனா, பிறகு ஆலோசகர் நியமனம், பிறகு டெண்டர். ஒவ்வொரு படியிலும் ஒரு அலுவலகம் இருக்கிறது. அவரவர் படிக்கு அவரவர் பதில் சரியாகத்தான் இருக்கும். படிகளைக் கூட்டினால் வரும் வருஷங்களுக்குத்தான் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டார்கள், மதுரைக் கிளையில் வழக்குப் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு புதுத் தேதி கிடைத்தது. போன தடவை சொன்ன தேதி என்னாயிற்று என்பதற்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை.

இதற்கிடையில் எய்ம்ஸ் எங்கள் மாவட்டத்துக்கே வந்திருந்தது. 2022 ஏப்ரலில் மதுரை எய்ம்ஸின் முதல் 50 மாணவர்களுக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் வகுப்பு தொடங்கியது. அந்தக் கல்லூரியே அப்போதுதான், 2022 ஜனவரி 12-ல், மற்ற பத்துக் கல்லூரிகளோடு சேர்த்துத் திறக்கப்பட்டிருந்தது. அந்தப் பக்கம் டீக்கடையில் ஒருவர் சொன்னார்: "மதுரைக்கு வர வேண்டியது நம்ம ஊர்ல குடித்தனம் இருக்கு தம்பி. வாடகை யாரு குடுக்குறாகன்னுதான் தெரியல." சொந்தக் கட்டடமில்லாத கல்லூரியில் சேர்ந்து, இரவல் வகுப்பறையில் படித்த அந்தப் பிள்ளைகளை நினைத்து எனக்கு வருத்தம்தான். அவர்களும் அடிக்கல்லை நம்பி வந்தவர்கள்.

அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்தபிறகு ஒருநாள் வரைபடத்தில் தோப்பூரைத் தேடினேன். அது மதுரைக்கு இந்தப் பக்கம் இல்லை. மதுரையைத் தாண்டி, திருமங்கலம் போகிற வழியில் இருக்கிறது. அந்த ராத்திரி எய்ம்ஸ் கட்டி முடித்து விளக்குப் போட்டு நின்றிருந்தாலும், எங்களுக்கு இன்னும் அரைமணி நேரம் கூடத்தான் ஆகியிருக்கும். பதினோரு நாள் வளர்த்த கோபத்துக்கு அன்றைக்குப் போக்கிடம் இல்லாமல் போனது. எய்ம்ஸ் தாமதத்தை யாரும் கேட்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டுக்குத் தேவைப்பட்டது அந்தப் பெயர் இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மாவட்டத்துக்குள்ளேயே ஒரு ஸ்கேன், அதைப் படிக்க ஒரு ஆள், மண்டையைத் திறக்கத் தெரிந்த ஒரு டாக்டர். இதற்கெல்லாம் யாரும் செங்கல் தூக்க மாட்டார்கள்.

அப்போதுதான் எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் எக்ஸ்ரே மெஷின் ஞாபகம் வந்தது. வந்து மாதக்கணக்காகிறது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை என்று அம்மா சொல்லியிருந்தாள். பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். முப்பதாவது நாள் பதில் வந்தது: கருவி பெறப்பட்டு, பொருத்தப்பட்டுள்ளது. தேதியும் போட்டிருந்தார்கள்.

பதிலைக் கையில் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். உறை அப்படியேதான் இருந்தது. உறைமேல் யாரோ குடையைச் சாத்தி வைத்திருந்தார்கள். "டெக்னீசியன் போஸ்ட் காலி. நாங்க என்ன தம்பி பண்றது?" என்றார் அங்கிருந்த அக்கா. அவர் சொன்னதும் நியாயம்தான்.

இதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. இந்த மாதிரிக் கருவிகளுக்கு வாரண்டி பொருத்தப்பட்ட தேதியிலிருந்து எண்ணப்படுவது வழக்கம். 'பொருத்தப்பட்டது' என்று காகிதத்தில் எழுதினால், உறைக்குள் இருக்கும் மெஷினுக்கு அன்றிலிருந்து வயசாக ஆரம்பித்துவிடும். யாரும் ஒரு ரூபாய் திருடியிருக்க வேண்டியதில்லை. வாங்கியவர் வாங்கிவிட்டார், விற்றவர் விற்றுவிட்டார், கையெழுத்துப் போட்டவர் போட்டுவிட்டார். எல்லாம் சட்டப்படி. படம்தான் எடுக்க முடியாது.

கொள்முதலை ஒழுங்குபடுத்தத் தெரியாத மாநிலம் இல்லை இது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பார்த்துத்தான் கேரளமும் ராஜஸ்தானும் தங்களுக்கு ஒன்று அமைத்துக்கொண்டன. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் வங்கிக் கணக்கு போல ஒரு பாஸ்புக், அதிலிருக்கும் தொகைக்குள் மருந்து. வந்த மருந்தின் மாதிரியை, கம்பெனிப் பெயர் தெரியாதபடி மறைத்து, எண் மட்டும் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். சோதிப்பவருக்கு அது யார் சரக்கு என்று தெரியாது. யாரையும் நல்லவர் என்று நம்பத் தேவையில்லாத ஏற்பாடு. அந்தக் கழகத்தின் மீதும் தணிக்கைக் குறிப்புகள் வந்திருக்கின்றன. 1998-ல் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் வந்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் கண் டெண்டர் முடிகிற வரைக்கும்தான். அதற்குப்பிறகு உறையைப் பிரித்தார்களா என்று பார்ப்பது யார் வேலை? தணிக்கையாளர் சில வருஷம் கழித்து வந்து ஒரு பத்தி எழுதுவார். அதற்குள் அந்த அலுவலர் மாறியிருப்பார், சில நேரம் ஆட்சியே மாறியிருக்கும்.

நான் மேல்முறையீடு செய்தேன். உறையோடு இருக்கும் மெஷினின் போட்டோவையும் தேதியோடு சேர்த்து வைத்தேன். இரண்டு வரிதான் கேட்டேன்: பொருத்தப்பட்டதற்கான சான்றில் கையெழுத்திட்டவர் பதவி என்ன, அன்றிலிருந்து எடுத்த படங்கள் எத்தனை. பதில் வரவில்லை. ஆனால் ஏழெட்டு வாரம் கழித்து அம்மா போன் செய்தாள். "டேய், அந்த மெஷின ஓட்டுறாகடா. செவ்வாயும் வெள்ளியும் வெளியூர்லருந்து ஒரு பையன் வந்து எடுக்குறான்." என் மனுவால்தான் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. கேட்டது வீண்போகவில்லை என்று மட்டும் வைத்துக்கொண்டேன்.

வாரத்தில் இரண்டு நாள். மிச்ச ஐந்து நாளுக்கு அடுத்த மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் வலை ஊசியைப் பழகிக்கொண்டிருக்கிறார். வில்லையை ஒட்டும்போது கேட்டார்: "பத்து ரூவாய்க்கு அவன் பதில் சொல்லித்தான் ஆகணுமா?"

"சொல்லித்தான் ஆகணும்ப்பா."

"அப்ப ஒண்ணுக்கு ரெண்டாப் போடு" என்றார்.