முப்பத்தைந்தில் ஒரு பங்கு

மேஜை விளக்கின் கீழே ஏழு சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் குழலை விரல்களுக்கிடையே உருட்டி உருட்டி, அதன் முதுகில் ஓடும் இணைப்புக் கோடு மறையும் வரையில் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே மூன்று மாலைப்பொழுதுகளைக் கழித்தேன் என்று சொன்னால், அந்தக் காரியத்தில் அப்படி என்ன ருசி என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் படைகளின் பிரதானக் களப் பீரங்கியாக விளங்கிய 25 பவுண்டரின் குழல் அது. நிஜமான குழல் எஃகினால் ஆகி, உள்ளே சுழல்வரிகள் குடையப்பட்டு, நீளவாட்டில் பிளவு என்பதையே அறியாதது. மாதிரிப் பெட்டியில் வருவதோ வெள்ளரிப் பிஞ்சை நெடுக்கே வகுந்தாற்போன்ற இரண்டு பாதிகள். இதற்கென்று உள்ள பசை, காகிதத்தை ஒட்டும் பசையைப் போல் நடுவில் நின்று பிடிப்பதில்லை; இரு விளிம்புகளையும் இளக்கி ஒன்றோடொன்று கலந்துவிடச் செய்கிறது. கலந்த இடம் நன்றாக இறுகும் வரையில் ஒரு நாள் பொறுத்திருந்து பிறகு தேய்க்கவேண்டும். அவசரப்பட்டு ஓரிடத்திலேயே அழுத்தித் தேய்த்தால் வட்டம் தட்டையாகிவிடும். கண்ணுக்கு மறைந்த கோடு நகத்துக்கு மறைவதில்லை. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவிப் பார்ப்பதே சரியான சோதனை. மூன்றாம் நாள் மாலையில் நகம் எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனபோது எனக்கு உண்டான திருப்தி, பெரிய காரியங்களில்கூட எனக்கு அபூர்வமாகவே கிட்டியிருக்கிறது.

முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்னும் இந்த மாதிரியின் விகிதம் ஏதோ சாஸ்திரப்படி வகுக்கப்பட்டதன்று. ஜப்பானின் தமியா நிறுவனத்தார் 1960களின் தொடக்கத்தில் பாந்தர் டாங்கியின் மாதிரி ஒன்றைச் செய்தபோது, அதற்குள் மோட்டாரும் பேட்டரிகளும் அடங்கவேண்டும் என்பதற்காகக் கொண்ட அளவு, பின்னர் உலகத்து மாதிரிக் கலைஞர்கள் அனைவருக்கும் பழக்கமாகிவிட்டது. நிஜத்தில் 87.6 மில்லிமீட்டர் அகலமுள்ள பீரங்கி வாய், என் மேஜைமீது இரண்டரை மில்லிமீட்டர். ஒரு தீக்குச்சியை நுழைத்தால் வாய் அடைத்துக்கொள்ளும்.

25 பவுண்டர் என்ற பெயர் அது எறியும் குண்டின் எடையால் வந்தது. முந்திய யுத்தத்தில் பிரிட்டிஷார் தாழப் பறக்கும் குண்டுக்கு 18 பவுண்டரையும், உயர எழும்பிச் செங்குத்தாக விழும் குண்டுக்கு நாலரை அங்குல ஹோவிட்ஸரையும் தனித்தனியே வைத்திருந்தார்கள். இரண்டின் வேலையையும் ஒரே பீரங்கி செய்யவேண்டும் என்ற பிரயத்தனத்தின் பலன் இது. முதலில் குண்டைத் திணிப்பார்கள்; பிறகு பித்தளை உறையை வைப்பார்கள். அந்த உறைக்குள் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று மருந்துப் பைகள் இருக்கும். போகவேண்டிய தூரம் குறைவானால் நீலத்தை எடுத்துவிடுவார்கள். இன்னும் குறைவானால் வெள்ளையையும் எடுத்துவிடுவார்கள். அரிசிமணி அளவுள்ள பித்தளை உறைகளுக்கு வர்ணம் தீட்டும்போது, பையை எண்ணி எடுத்த அந்தக் கைகளை நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை. எடுக்கவேண்டிய பையை எடுக்க மறந்தால், குண்டு யார் தலையில் போய் விழும் என்று யாரால் சொல்லமுடியும்?

மாதிரியில் என் மனத்தை மிகவும் கவர்ந்த பாகம் குழலன்று. பீரங்கியின் கீழே மாட்டி எடுத்துச்செல்லும் வட்டமான மேடைதான். மாட்டுவண்டிச் சக்கரத்தைத் தரையில் படுக்கப்போட்டாற்போன்ற அமைப்பு. இடம் வந்ததும் அதை இறக்கிப் பீரங்கியின் இரு சக்கரங்களையும் அதன் விளிம்பின்மேல் ஏற்றிவிட்டால், ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும் அந்த இயந்திரத்தைப் பின்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஒரே ஆள் எந்தத் திசைக்கும் திருப்பிவிடலாம். யுத்தத்தின்பால் எனக்கு உள்ள வெறுப்பு சிறிதும் குறையவில்லை. ஆயினும் இந்தச் சக்கரத்தைச் சிருஷ்டித்தவனின் புத்தியைக் கண்டு வியக்காமல் இருக்கவும் முடியவில்லை. இந்த இரண்டு உணர்ச்சிகளும் ஒன்றையொன்று அழிக்காமல் என்னிடம் கூடவே இருந்துவருகின்றன.

பாலைவனத்து மணல் நிறத்தையே தீட்டினேன், எல் அலமீனை எண்ணி. 1942 அக்டோபர் 23 இரவு, நல்ல நிலவொளியில், மணி 9.40 ஆனதும், எகிப்தின் அந்தப் பாழ்வெளியில் ஏறக்குறைய 900 பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. அவற்றில் பெரும்பாலானவை 25 பவுண்டர்களே. நான்காவது இந்திய டிவிஷனும் அந்தப் போர்முனையில் இருந்தது. அங்கே உள்ள காமன்வெல்த் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் 7,000க்கும் மேற்பட்டோர் உறங்குகிறார்கள். நம் தேசத்திலும் இந்தப் பீரங்கி வெகு காலம் வாழ்ந்தது. ஒவ்வொரு குடியரசு தினத்திலும் தில்லியில் தேசிய கீதத்தோடு 21 முறை முழங்கியவை இவைதாம். 2023இல்தான் இந்தியாவில் செய்த 105 மில்லிமீட்டர் பீரங்கிகள் அந்த ஸ்தானத்தைப் பெற்றன. யுத்தத்தில் பிறந்த ஒரு கருவி, தன் முதுமையை வெறும் சப்தம் எழுப்பும் மரியாதைத் தொழிலில் கழித்தது என்று நினைக்கையில் மனத்துக்கு ஆறுதலாக இருக்கிறது.

இனி டயல் சைட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். குழலின் இடப்புறம் பொருத்தவேண்டிய, எள்ளைவிடச் சற்றுப் பெரிய குறிபார்க்கும் கருவி அது. பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து கட்டரால் நறுக்கும்போது தெறித்துப் போய்விட்டது. தரையில் முழங்காலிட்டு, டார்ச் விளக்கைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து, நிழல் நீண்டு விழும் பொருள் எது எது என்று பார்த்துக்கொண்டே இரண்டு மணி நேரம் தேடினேன். கடைசியில் பாயின் கோரைகளுக்கிடையே அகப்பட்டது. அதைக் குறட்டின் நுனியில் பிடித்துப் பொருத்தும்போதுதான் அதன் வேலை எனக்கு முழுதும் அர்த்தமாயிற்று. குறிபார்ப்பவன் அதன் வழியாக எதிரியைப் பார்ப்பதில்லை. பக்கத்திலோ முதுகுக்குப் பின்னாலோ நட்டிருக்கும் ஒரு கோலையோ, தூரத்து மரத்தையோ பார்க்கிறான்; அதிலிருந்து இத்தனை பாகை என்று சொல்லப்பட்ட கணக்குப்படி குழலைத் திருப்புகிறான். குண்டு விழுவதைக் காண்பவன் எங்கேயோ முன்னால் ஒரு மேட்டில் படுத்துக்கொண்டு கம்பியில்லாத் தந்தியில் பேசும் வேறொருவன். பீரங்கியைச் சுற்றி நின்ற ஆறு பேரும் தங்கள் உழைப்பின் முடிவைப் பெரும்பாலும் கண்ணால் கண்டதில்லை.

ஆறு சிப்பாய்களின் உருவங்களையும் அவரவர் இடத்தில் ஒட்டி முடித்த அன்று, ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தப் பீரங்கியின் மிக நீண்ட வீச்சு 13,400 கஜம். ஏறத்தாழ 12,250 மீட்டர். முப்பத்தைந்தால் வகுத்தால் 350 மீட்டர். பீரங்கியைச் சுருக்கியவர்கள் சக்கரத்தின் ஆணிகளைக்கூட விடாமல் சுருக்கிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அந்தத் தூரத்தைமட்டும் எந்தப் பெட்டியில் வைப்பது?

மாலை வெயில் தணிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு, குழல் பார்த்திருந்த திசையிலேயே எட்டுகளை எண்ணிக்கொண்டு நடந்தேன். பிள்ளையார் கோயிலைத் தாண்டி, தெரு வளைகிற இடத்தையும் தாண்டி, ஐந்நூறாவது எட்டில் வேப்பமரத்தடியில் நிற்கும் இஸ்திரி வண்டியருகே வந்து சேர்ந்தேன். வண்டிக்காரர் கரியை விசிறிக்கொண்டே, "என்ன சார், துணி ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். வண்டியின் ஓரத்தில் அவருடைய பேத்தி ஸ்லேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். இல்லை என்று தலையசைத்துவிட்டு, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். வேம்பின் கிளைகளுக்கப்பால் கோயில் மதில் தெரிந்தது. என் வீட்டு மொட்டைமாடிகூடத் தெரியவில்லை.