இருதயத்தின் வெண்போர்வை

உவரி அந்தோனியார் கோயில் திருவிழா நாள்களில் நேர்ச்சை ஆடுகள் அறுபடுவது வழக்கம். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, அம்மா அரிவாள்மணையில் ஆட்டின் இருதயத்தை அரிவதை அருகிலிருந்து பார்த்தேன். சிவந்த தசையை எதிர்பார்த்த என் கண்ணில் முதலில் பட்டது வெள்ளைக் கொழுப்புத்தான். மேற்புறத்தில் வளையமாகவும், அங்கிருந்து முனையை நோக்கி இறங்கும் பள்ளங்களில் கோடுகளாகவும் அது படிந்திருந்தது. அம்மா அதை நகத்தால் உரித்துக் காக்கைக்கு எறிந்தாள். இருதயத்துக்கே இரத்தம் ஊட்டும் தமனிகள் அந்தக் கொழுப்பினுள் புதைந்துதான் ஓடுகின்றன என்பதை நான் அறிய ஐம்பது ஆண்டுகள் ஆயின.

அப்பா கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனவர், ஒல்லியான உடல்வாகு. 52ஆம் வயதில் முழங்கால் வலியால் கடலை விட்டுக் கரையேறி, வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். கையும் காலும் மெலிந்தன. வயிறு மட்டும் சிறிது முன்வந்தது. எடையோ மாறவில்லை. அவர் இடுப்பில் கட்டும் பச்சை பெல்ட் இரண்டு துளை தள்ளிப் போனதை நாங்கள் எவரும் பொருட்படுத்தவில்லை. கொழுப்பெடுத்தவன், வாய்க்கொழுப்பு என்றெல்லாம் பிறரை ஏசுவதற்கு எங்களிடம் சொற்கள் உண்டு. உழைத்து மெலிந்த உடம்புக்குள் கொழுப்பு தங்கும் என்று சொல்ல ஒரு சொல்லும் இருந்ததில்லை.

2001இல் ஒரு பின்னிரவு. நெஞ்சை யாரோ கயிற்றால் இறுக்குவது போல இருக்கிறது என்றார். முதுகெல்லாம் வியர்வை.

"வாய்வுதான் யய்யா. விடிஞ்சா சரியாப் போவும்."

நானும் வாய்வு என்றே நம்பினேன். ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். விடியும்வரை காத்திருந்து கார் பிடித்தோம். திசையன்விளையைக் கடந்து நாங்குநேரிச் சாலையில் போகும்போதே என் மடியில் அவர் மூச்சு நின்றது. ஒல்லியானவர்களுக்கு மாரடைப்பு வராது என்று எவரும் எனக்குக் கற்பித்ததில்லை. ஆயினும் நான்கு மணி நேரத்தை அந்த நம்பிக்கையில்தான் இழந்தேன். அப்போது அவருக்கு வயது 61.

சென்ற ஆண்டு, நீங்காத இருமலுக்காக எனக்கு மார்பில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் குறையில்லை. "ஒங்க எடை சரியாத்தான் இருக்கு. ஆனா இருதயத்தச் சுத்திக் கொழுப்பு கொஞ்சம் கூடுதலா இருக்கு" என்று மருத்துவர் திரையைக் காட்டினார். அம்மா உரித்தெறிந்த வெண்மை அங்கே கருமையாய்த் தெரிந்தது. அதன் பிறகே இது பற்றித் தேடிப் படிக்கலானேன்.

அந்தக் கொழுப்பு பிறவியிலேயே பகையானதன்று. இருதயத் தசைக்கும் அதன் மெல்லிய உறைக்கும் நடுவே அமர்ந்து, துடிக்கும் தமனிகளுக்கு மெத்தையாகிறது; தசைக்கு எரிபொருளும் தருகிறது. ஆனால் தசைக்கும் அதற்கும் இடையே தடுப்புச் சவ்வு ஏதுமில்லை. அளவு மிஞ்சிக் குணம் கெடும்போது, அது சுரப்பவை நேரே தமனிச் சுவரை எட்டக்கூடும். அப்பா இறந்து ஈராண்டுக்குப் பின், 2003இல் வெளியான ஓர் ஆய்வில், பைபாஸ் அறுவைச் சிகிச்சைக்கு வந்தவர்களின் இருதயக் கொழுப்பையும் காலின் தோலடிக் கொழுப்பையும் ஒப்பிட்டார்கள். அழற்சியைத் தூண்டும் பொருள்கள் இருதயக் கொழுப்பில்தான் மிகுந்திருந்தன.

என்னை அதிகம் சிந்திக்க வைத்தது வேறொரு செய்தி. சிலருக்குத் தமனியின் ஒரு பகுதி கொழுப்பை விட்டிறங்கித் தசைக்குள் புகுந்து, மீண்டும் மேலே வருகிறது. தசைக்குள் மறைந்த அந்தத் துண்டில் பெரும்பாலும் அடைப்பு படிவதில்லை. தசை பிழிந்துகொண்டே இருப்பதும் அதற்குக் காரணமாகலாம் என்கிறார்கள். ஆகவே கொழுப்பை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட முடியாது. புகை, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு கைகோத்தே அது நடக்கிறது. அப்பா பீடி பிடிப்பார் என்பதையும் நான் மறைக்கலாகாது.

புனே மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யூட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3 தான். உடற்கொழுப்போ யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு, யூட்கினுக்கு 9.1 விழுக்காடு. அந்தக் குறியீடு இருவரையும் ஒன்றென்றே சொல்லும். ஆதலால்தான் நம்மவர்க்கு எடையைவிட இடுப்பளவை நோக்கச் சொல்கிறார்கள்: ஆண்களுக்கு 90 செண்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எல்லை. எடையைக் குறைத்தால் இருதயக் கொழுப்பும் குறைகிறது என்பதை அளந்தே கண்டிருக்கிறார்கள்.

ஸ்கேன் எடுத்துத் திரும்பிய இரவு, டிரங்குப் பெட்டியிலிருந்து அப்பாவின் பச்சை பெல்ட்டை எடுத்து என் இடுப்பில் கட்டிப் பார்த்தேன். அவர் கடைசியாக மாட்டிய துளையிலேயே அது வந்து நின்றது. கழற்றித் தரையில் நீட்டி, அந்தத் துளைவரை தையல் நாடாவால் அளந்தேன்: 96.

மறுநாள் விடியலில் மனைவி கேட்டாள், "கடக்கரைக்கா போறீய?" நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.