கோடு காட்டிய வழி

கல்கத்தா நகரில் கர்ப்பார் சாலையில் ஒரு பெரிய இல்லம் இருந்தது. அதன் முன்புறத்தில் அச்சகம். பின்புறத்தில் உரிமையாளரின் குடும்பம். அவ்வில்லத்துச் சிறுவன் தான் கிறுக்கிய படத்தை ஏந்திக்கொண்டு அச்சகத்துள் நுழைவான். அது ‘சந்தேஷ்’ இதழுக்கு உரியது என்று கூறிப் பணியாளர் ஒருவரிடம் நீட்டுவான். அவரும் புன்முறுவலோடு இசைவார். சிறுவனைத் தூக்கி, படமெடுக்கும் பெரிய கருவியின் கண்ணாடியில் அவன் படம் தலைகீழாகத் தெரிவதைக் காட்டுவார். படம் இதழில் வந்ததில்லை. ஆயினும் சிறுவனின் ஆசை குன்றவில்லை. அச்சிறுவனே பிற்காலத்தில் உலகப் புகழ் எய்திய சத்யஜித் ரே.

அவர் 1921-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் பிறந்தார். பாட்டனார் உபேந்திரகிஷோர் ஓவியர். படங்களைத் திருத்தமாக அச்சிடும் முறைகளை ஆராய்ந்தவர். சிறுவர்க்கென 1913-இல் ‘சந்தேஷ்’ இதழைத் தொடங்கியவர். தந்தையார் சுகுமார், நகைச்சுவைப் பாடல்களை இயற்றி, அவற்றுக்குத் தாமே படமும் வரைந்தவர். ஆனால் சத்யஜித்துக்கு மூன்று வயது நிரம்புமுன் 1923-இல் தந்தையார் மறைந்தார். சில ஆண்டுகளில் அச்சகமும் கைவிட்டுப் போயிற்று. தாயார் சுப்ரபா தம் மகனுடன் உடன்பிறந்தாரின் இல்லத்தை அடைந்தார். செல்வம் போயிற்று, கையில் இருந்த கோடு மட்டும் போகவில்லை.

கல்லூரியில் பொருளாதாரம் பயின்று பட்டம் பெற்றபின், 1940-இல் அவர் சாந்திநிகேதனத்துக் கலைக்கூடத்தில் சேர்ந்தார். அங்கு நந்தலால் போஸ் ஆசிரியராக விளங்கினார். மரத்தை வரையும்போது தூரிகையை அடியிலிருந்து மேல்நோக்கிச் செலுத்த வேண்டும் என்பது அவர் கற்பித்த பாடம். மரம் வேரிலிருந்தன்றோ வளர்கிறது! ஒரு பொருளின் இயல்பை அறிந்த பின்னரே அதனை வரைய வேண்டும் என்னும் உண்மை அவ்வெளிய பாடத்துள் அடங்கியிருந்தது.

எனினும், தாம் சிறந்த ஓவியராக இயலாது என்று சத்யஜித் உணர்ந்தார். தம் திறமையின் எல்லையைத் தாமே காண்பது எளிதன்று. அவர் மனம் சோரவில்லை. 1942-இல் படிப்பை நிறைவு செய்யாமலே கல்கத்தாவுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு, ஆங்கிலேயர் நடத்திய விளம்பர நிறுவனம் ஒன்றில் மாதம் 80 ரூபாய் ஊதியத்தில் அமர்ந்தார். எழுத்தையும் படத்தையும் ஒரு தாளில் இசைவுற அமைப்பதே அவர் பணி. சுவரில் மாட்டும் ஓவியம் காண்போரின் வரவுக்குக் காத்திருக்கும்; விளம்பரமோ விரைந்து செல்வோரையும் நிறுத்திப் பொருளை உணர்த்த வேண்டும். அத்தொழிலின் அருமையை அவர் அங்கே கற்றார்.

அக்காலத்தே சிக்னெட் பதிப்பகத்தின் நூல்களுக்கு அட்டை வரையும் வாய்ப்பும் வந்தது. குமாயூன் காட்டின் ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றி ஜிம் கார்பெட் எழுதிய நூலின் வங்கப் பதிப்புக்கு, அட்டை முழுவதையும் புலித்தோலாகவே அமைத்தார். குண்டு புகுந்த துளை முன்னட்டையில். வெளியேறிய துளை பின்னட்டையில்! புலியின் உருவத்தை வரையாமலே வேட்டையைக் கண்முன் நிறுத்தினார்.

விபூதிபூஷண் இயற்றிய ‘பதேர் பாஞ்சாலி’ புதினத்தின் சிறுவர் பதிப்புக்கும் அவரே படம் வரைந்தார். அதன்பொருட்டு அந்நூலை ஊன்றிப் படித்தார். ஏழைச் சிறுவன் அப்புவும் அவன் தமக்கை துர்க்காவும் அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. 1955-இல் வெளிவந்த அவரது முதல் திரைப்படம் அக்கதையே. நூலுக்கு அவர் தீட்டிய காட்சிகள் சில திரையில் உயிர்பெற்று உலவின.

புகழ் வந்தபின்னும் அவர் கோட்டை மறக்கவில்லை. தம் படங்களின் சுவரொட்டிகளைத் தாமே வரைந்தார். ஆங்கில எழுத்துகளுக்கும் புதிய வடிவங்கள் கண்டார். நின்றுபோயிருந்த ‘சந்தேஷ்’ இதழை 1961-இல் நண்பர் ஒருவரோடு சேர்ந்து மீண்டும் தொடங்கினார். அன்று சிறுவன் நீட்டிய படத்துக்கு இடம் கிடைக்காத அவ்விதழில், இப்போது அவர் வரைந்த படங்கள் இடம்பெற்றன.

1992-இல் அவர் மறைந்தார். விரும்பிய வழி ஒன்று அடைபடினும், கற்ற கலை வீணாவதில்லை. வேரிலிருந்து வளரும் மரம், ஒரு கிளை தடைப்பட்டால் மற்றொரு கிளையை விடுகிறது. அதிலும் பூ மலர்கிறது.